உஷார்! சிலந்திக்குப் பயந்து தேளைக் கோட்டை விடாதீர்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருப்பவர்களே, உஷார்! வாசலில் கழற்றி வைத்த சப்பாத்துக்குள், கொடியிலிருந்து நேற்று எடுத்து மூலையில் போட்ட சாரத்துக்குள், குசினிக்குப் பின்னால் அடுக்கிய விறகுக்குள் ஒரு விரல் நீளச் செந்தேள் பதுங்கியிருக்கலாம். அது கொட்டினால் பெரியவருக்கே இதயம் தடுமாறும். சிறு பிள்ளைக்குக் கொட்டினால் சில மணித்தியாலங்களில் உயிரே போகலாம்.

ஆனால் நாம் எதற்குப் பயப்படுகிறோம்? சுவரில் அசையாமல் இருக்கிற சிலந்திக்கு. விளக்குமாற்றோடு வீடே திரண்டு வந்து அதை அடித்துக் கொல்கிறது. அடித்து முடித்த களைப்பில் வெறுங்காலோடு இருட்டுக்குள் கிணற்றடிக்குப் போகிறோம். எட்டுக்கால் பிராணிகளில் நாம் பயப்பட வேண்டிய ஆள் அங்கேதான் நிற்கிறார்.

பயம் நல்லது. ஆனால் பயத்துக்கும் ஒரு முகவரி வேண்டும். அந்த முகவரியைத் திருத்தத்தான் இந்தக் கட்டுரை.

மாங்குளத்துச் சிலந்தி: கதை எது, உண்மை எது?

2013 ஏப்ரலில் உலகப் பத்திரிகைகள் பலவற்றில் ஒரே செய்தி வந்தது: இலங்கையின் வடக்கில் மனித முகத்தின் அளவான சிலந்தி கண்டுபிடிப்பு! மாயாஜாலப் படத்தில் வரும் காட்டுச் சிலந்தி நேரில் வந்துவிட்டது போல எழுதினார்கள். பத்திரிகையில் வந்த சிலந்தியின் படத்தைப் பார்த்துவிட்டு ‘வன்னிக்கே போகமாட்டேன்’ என்றவர்களும் உண்டு.

நடந்தது இதுதான். 2009 ஒக்டோபரில் மாங்குளத்தில் ஊரவர்கள் ஒரு பெரிய சிலந்தியைக் கண்டு அடித்துக் கொன்றார்கள். ஆண் சிலந்தி. செத்த அந்த உடல் ரணில் நாணயக்கார என்ற ஆய்வாளரின் குழுவிடம் போய்ச் சேர்ந்தது. கால்களின் அடிப்பக்கத்து மஞ்சள் நிறத்தையும் கோலங்களையும் பார்த்தவர்களுக்கு, இது அதுவரை தெரிந்த இனங்களில் ஒன்றல்ல என்ற சந்தேகம் எழுந்தது. போர் முடிந்து சில மாதங்களே ஆன நேரம். காடு முழுக்க அலைவது லேசான காரியமில்லை. மரப்பொந்துகளையும் உரிந்த பட்டைகளின் உட்பக்கத்தையும் துழாவிப் பெண் சிலந்திகளையும் குஞ்சுகளையும் தேடிப் பிடித்தார்கள். மாங்குளத்தின் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள்ளும் சில இருந்தன. தேடலுக்குத் துணையாக நின்ற பொலிஸ் பரிசோதகர் மைக்கேல் ராஜகுமார் புராஜாவின் பெயரையே அந்த இனத்துக்குச் சூட்டினார்கள்: பொயிசிலோதேரியா ராஜேயி. பிரித்தானியச் சிலந்திச் சங்கத்தின் 2012 டிசம்பர் இதழில் அதன் விவரிப்பு வெளியானது.

‘முகமளவு’ என்பதில் பொய் இல்லை. கால்களை முழுதாக விரித்தால் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் வரும். ஆனால் அந்த அளவில் பெரும்பகுதி கால்கள்தான். உடல் தனியே பார்த்தால் அவ்வளவு பெரிதில்லை. சிங்களத்தில் ‘திவிமக்குளுவா’ என்று சொல்லும் புலிக்கோலச் சிலந்திகளின் கூட்டத்தைச் சேர்ந்தது இது. இவை நிலத்தில் திரிகிறவை அல்ல. வயதான பெருமரங்களின் பொந்துதான் இவற்றின் வீடு. பகல் முழுக்க உள்ளே இருந்து, இரவில் வாசலுக்கு வந்து பூச்சிகளையும் எப்போதாவது பல்லி போன்ற சிறு பிராணிகளையும் பிடிக்கும். பெண் சிலந்தி பொந்தை விட்டு அதிகம் நகராது. துணை தேடி அலைகிறது ஆண்தான். மாங்குளத்தில் அடிபட்டுச் செத்ததும் அப்படி ஓர் ஆணே.

இது ஏன் கட்டடத்துக்குள் வருகிறது? மரம் இல்லாததால். பழைய மரங்கள் வெட்டப்பட வெட்டப்பட, பொந்து கிடைக்காத சிலந்திகள் பாழடைந்த சுவர்களைத் தேடி வருகின்றன என்றுதான் ஆய்வாளர்களும் சொன்னார்கள். குடியிருக்க இடமில்லாமல் வந்து நிற்கிற ஒன்றைத்தான் நாம் படையெடுத்து வந்ததாக நினைக்கிறோம்.

ஆனையிறவுக்கு இந்தப் பக்கம் பெருங்காடு இல்லை. பனங்கூடலும் பற்றையும் தோட்டமும்தான். யாழ்ப்பாணத்து வீட்டுச் சுவரில் கையகலத்துக்குத் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கிற கபிலநிறச் சிலந்தி மாங்குளத்து இனம் இல்லை. அது வலை பின்னாமல் ஓடிப் பிடித்துத் தின்னும் வேட்டைச் சிலந்தி. வயிற்றுக்கடியில் வெள்ளைக் காசு போல ஒன்றைக் காவிக்கொண்டு போனால் அது பெண். அந்த வெள்ளைத் தட்டு அதன் முட்டைப் பை. இரவில் உங்கள் குசினியில் கரப்பான் பிடிக்கிற வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

கடித்தால் என்ன ஆகும்?

புலிக்கோலச் சிலந்தி கடித்தால் நோகும். கடித்த இடம் வீங்கும். சிலருக்குத் தசைப்பிடிப்பு வந்து நாள்கணக்கில் படுத்தும். விட்டுவிட்டுத் திரும்பியும் வரலாம். ஆகவே அதைக் கையில் எடுத்துப் படம் பிடிக்கும் வேலை வேண்டாம். கடிபட்டால் வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் இந்தச் சிலந்திகள் கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு எதுவும் மருத்துவ இலக்கியத்தில் இல்லை.

‘எட்டுக்கால் பூச்சி மூத்திரம் விட்டுவிட்டது, அதுதான் கொப்புளம்’ என்று ஊரில் சொல்வதிலும் சிலந்திக்குப் பங்கில்லை. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் வரிசையாகக் கொப்புளம் எழுந்து எரிந்தால் அது பெரும்பாலும் அக்கி. கொப்புளிப்பான் வந்துபோன உடம்பில் ஒளிந்திருந்த அதே வைரசின் வேலை. மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஒரு சிறு வண்டைத் தோலில் வைத்து நசித்தாலும் இப்படி எரிந்து கொப்புளம் எழும். பழி மட்டும் சிலந்தியின் தலையில்.

இன்னோர் எச்சரிக்கை. ‘பெரிய சிலந்தி பிடித்துத் தந்தால் காசு’ என்று யாராவது வந்தால் விலகி நில்லுங்கள். இந்த அழகுச் சிலந்திகளுக்கு வெளிநாட்டில் வளர்ப்புச் சந்தை இருக்கிறது. அழியும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இந்த முழுப் பேரினமும் 2019 இல் சேர்க்கப்பட்டது. முன்மொழிந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. அதற்கு முந்திய ஆண்டே அமெரிக்கா, இலங்கையின் ஐந்து இனங்களை அழிவின் விளிம்பில் உள்ளவையாக அறிவித்தது. அனுமதி இல்லாமல் நாட்டிலிருந்து காட்டுயிரை ஏற்றுமதி செய்வது குற்றம். சில ஆயிரம் ரூபாய்க்கு வழக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சிலந்திக் கதை இவ்வளவுதான். இனி, பயப்பட வேண்டியவருக்கு வருவோம்.

இதோ, உண்மையான ஆள்

2012 இல் யாழ் போதனா வைத்தியசாலையில் ஓராண்டு முழுக்க ஓர் ஆய்வு நடந்தது. தேள் கொட்டி அனுமதிக்கப்பட்டவர்களில் 84 பேரைப் பேராசிரியர் எஸ்.ஏ.எம். குலரத்னவின் குழு கவனித்தது. யாழ்ப்பாணத்து வைத்தியர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். 23 பேர் தங்களைக் கொட்டிய தேளையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். சோதித்துப் பார்த்தபோது அந்த 23 உம் ஒரே இனம்: ஹொட்டென்டோட்டா டாமுலஸ். ஆங்கிலத்தில் இந்தியச் செந்தேள் என்று சொல்கிற, உலகில் மிக ஆபத்தான தேள்களின் வரிசையில் வைக்கிற இனம் அது. ஆய்வு 2015 இல் ‘டொக்சிகோன்’ என்ற நச்சியல் இதழில் வெளிவந்தது.

இலங்கையில் பதினெட்டுக்குக் குறையாத தேள் இனங்கள் இருக்கின்றன. மற்றவை கொட்டினால் நோகும், கடுக்கும், மறுநாள் மாறிவிடும். உயிருக்கு உலை வைக்கக்கூடியது என்று வைத்தியர்கள் கைகாட்டுவது இந்த ஒன்றைத்தான். அது வாழும் இடமாக ஆய்வில் பதிவானது நம் குடாநாடு. தெற்கில் வளர்ந்தவர் ‘தேள்தானே’ என்று சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் இருப்பவர் அந்தச் சொல்லை வாயில் எடுக்கக் கூடாது.

84 என்பது அந்த ஓர் ஆஸ்பத்திரியில், ஓராண்டில், அந்த ஆய்வுக்குள் வந்தவர்களின் கணக்கு மட்டும். பரியாரியாரிடம் போனவர், பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பியவர், பல்லைக் கடித்துக்கொண்டு விடிய விடியக் கிடந்தவர் எவரும் அதில் இல்லை.

உலகம் முழுவதையும் எடுத்தால் ஆண்டுக்கு 12 லட்சத்துக்கு மேல் தேள்கடி, 3,250 க்கு மேல் மரணம் என்று 2008 இல் வெளியான ஒரு கணிப்பு சொல்கிறது. அந்த மரணங்களில் பெரும்பங்கு பிள்ளைகளுடையது. கொட்டுகிற நஞ்சின் அளவு ஒன்றுதான். அதைத் தாங்குகிற உடம்புதான் சிறிது.

கறுப்பனா, சிவப்பனா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கல்லைப் புரட்டும்போது பெரிதாய், கறுப்பாய், நண்டுக்கால் போலத் தடித்த கொடுக்குகளோடு எழுந்து நிற்கும் நட்டுவக்காலியைக் கண்டால் அலறுகிறோம். பார்க்கப் பயங்கரமாகத்தான் இருக்கும். ஆனால் அது தடித்த முன்கொடுக்குகளின் பலத்தை நம்பி வாழ்கிற இனம். வாலின் நஞ்சு அவ்வளவு கடுமையில்லை.

செந்தேள் அப்படியல்ல. வளர்ந்ததே 5 முதல் 9 சென்ரிமீற்றர்தான். உடல் செம்மஞ்சளோ செங்கபிலமோ. முதுகில் சாம்பல் படிந்த கருமை இருக்கும். முன்கொடுக்குகள் மெலிந்து நீண்டிருக்கும். வால் மட்டும் தடித்து உருண்டிருக்கும். இதை மனதில் பதியுங்கள்: கொடுக்கு மெலிந்து வால் தடித்திருந்தால், ஆபத்து வாலில் இருக்கிறது.

செம்மண்ணில் இதன் நிறம் கண்ணுக்குப் பிடிபடாது. வலிகாமத்துத் தோட்டக்காரர்கள் வெங்காயப் பிடியைத் தூக்கும்போதும் புகையிலைச் சிப்பத்தை நகர்த்தும்போதும் கை வைக்கிற இடத்தை முதலில் பாருங்கள்.

சின்னது, அதனால் ஒன்றும் செய்யாது என்ற கணக்கு இங்கே செல்லாது.

உடம்புக்குள் நடப்பது

இந்தத் தேளின் நஞ்சு நரம்புகளில் உள்ள சோடியம் வழிகளை மூடவிடாமல் செய்கிறது. நரம்புகள் ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். பயம் வந்தால் உடம்பில் சுரக்கும் அட்ரினலின் வகை இரசாயனங்கள் அளவு கடந்து இரத்தத்தில் கொட்டும். இரத்தக் குழாய்கள் இறுகும். இரத்த அழுத்தம் ஏறும். இறுகிய குழாய்களுக்கு எதிராக அடித்து அடித்து இதயம் களைக்கும். களைத்த இதயத்துக்குப் பின்னால் இரத்தம் தேங்கி, நுரையீரலுக்குள் நீர் கசியும். மூச்சு முட்டும், நுரை கலந்த சளி வரும். முதலில் ஏறிய இரத்த அழுத்தம் பிறகு விழுந்துவிடும்.

இவ்வளவும் நடக்க நாள்கணக்கு வேண்டாம். சிலருக்கு அரை மணித்தியாலத்திலேயே தொடங்கும். சிலருக்குப் பல மணித்தியாலம் கழித்து வரும். வெளியே தெரிகிற அறிகுறிகள் இவை:

உடம்பு முழுக்கத் தெப்பமாய் வியர்ப்பது. வாந்தி. வாயில் எச்சில் ஊறி வழிவது. கைகால் குளிர்ந்து போவது. நெஞ்சு படபடப்பது, அல்லது நாடி வழமைக்கு மாறாக மெதுவாவது. ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் ஆண்குறி தானாக விறைத்து நிற்பது. இந்தக் கடைசி அறிகுறியை வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். மறைக்காதீர்கள்! நஞ்சு உடம்பு முழுக்கப் பரவிவிட்டது என்று வைத்தியருக்குச் சொல்லும் மிக முக்கியமான தடயம் அது. சின்னப் பிள்ளை வாய் திறந்து சொல்லாது. காற்சட்டையைக் கழற்றி நீங்களே பாருங்கள்.

வலி இல்லை என்றால் இன்னும் உஷார்

இது பலருக்குத் தெரியாத சங்கதி. கொட்டிய இடத்தில் துடிதுடிக்க வலிக்கிறது என்றால் பெரும்பாலும் நஞ்சின் வேலை அந்த இடத்தோடு நிற்கிறது. வலி குறைவாக இருக்க, பிள்ளை வியர்த்து, வாந்தி எடுத்து, கைகால் சில்லென்று ஆனால்தான் நிலைமை மோசம். ‘நோகுது எண்டு அழேல்லை, சரியாப் போச்சு’ என்று படுக்கப் போடுகிற தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும். அழுகிற பிள்ளையைவிட, அழுகை அடங்கி வியர்த்துக் கிடக்கிற பிள்ளையைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

பழைய மாத்திரையில் கிடைத்த உயிர்

மருந்தே இல்லையா என்று கலங்க வேண்டாம். இருக்கிறது. அது கண்டுபிடிக்கப்பட்டது பெரிய ஆய்வுகூடத்தில் அல்ல, இந்தியாவின் கொங்கண் கரையோரச் சிற்றூர் ஒன்றில். மகாராஷ்டிர மாநிலம் றாய்காட் மாவட்டத்து மகாட் என்ற ஊரில் தொழில் பார்த்தவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். செந்தேள் கொட்டிய கிராமத்துப் பிள்ளைகள் கண்முன்னே சாவதைக் கண்டு, கட்டிலருகிலேயே இருந்து ஒவ்வொரு அறிகுறியாக எழுதி வைத்தார். சாவு வருவது நுரையீரல் நீராலும் களைத்த இதயத்தாலும் என்று உறுதிப்படுத்தினார். 1982 இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். பிறகு, இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற பிரசோசின் என்ற மலிவான மாத்திரை இறுகிய குழாய்களைத் தளர்த்தும் என்று கணித்துக் கொடுத்துப் பார்த்தார். 1986 இல் அதையும் லான்செட்டில் எழுதினார்.

அதற்கு முன் கடுமையாக நஞ்சேறியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு ஒன்றளவுக்கு இறங்கியது. இந்திய அரசு 2022 இல் அவருக்குப் பத்மசிறீ வழங்கியது. நஞ்சுமுறிப்பு மருந்தோடு பிரசோசினையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் விரைவாகத் தேறுகிறார்கள் என்று அவர் மனைவி பிரமோதினியோடு செய்த ஆய்வு 2011 இல் வெளியானது.

அதே பிரசோசின் யாழ்ப்பாணத்திலும் தேள்கடிக்குக் கைகொடுக்கிறது. ஆனால் கடையில் வாங்கி வீட்டில் விழுங்குகிற மருந்து அல்ல இது. நேரம் தவறிக் கொடுத்தால் இரத்த அழுத்தம் மேலும் விழும். நாடியையும் அழுத்தத்தையும் பார்த்துப் பார்த்து வைத்தியர்தான் கொடுக்க வேண்டும். மருந்து இருக்கிறது, அது ஆஸ்பத்திரியில் இருக்கிறது. கொட்டிய நேரத்துக்கும் அந்தக் கட்டிலுக்கும் இடையில் போகிற மணித்தியாலங்களைக் குறைப்பதுதான் நம் கையில் உள்ள வேலை.

கொட்டிவிட்டதா? இதைச் செய்யுங்கள்

முதலில் ஆளை இருத்துங்கள். ஓடவும் நடக்கவும் விடாதீர்கள். கொட்டிய நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மோதிரம், காப்பு, கால் சங்கிலி இருந்தால் வீங்க முன்னர் கழற்றுங்கள். இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை வைத்தால் வலி சற்று அடங்கும்.

அடுத்தது வாகனம். 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். வடமாகாணத்துக்கு 2018 முதல் அந்தச் சேவை இருக்கிறது. ஓட்டோ முன்னால் நின்றால் ஓட்டோவில் ஏற்றுங்கள். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை என்று எந்த வைத்தியசாலை கிட்ட இருக்கிறதோ அங்கே முதலில் போங்கள். போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டுமா என்பதை அவர்கள் பார்ப்பார்கள்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுக்காரர் இன்னும் கவனம். உங்களுக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் நடுவில் கடல் கிடக்கிறது. குணம் குறி தெரிந்த பிறகு படகு தேடினால் காலம் கடந்துவிடும். கொட்டிய உடனேயே தீவில் உள்ள வைத்தியசாலைக்குப் போய் அங்கிருந்தே அடுத்த ஏற்பாட்டைச் செய்யுங்கள்.

தேள் கண்முன் நின்றால் கைபேசியில் ஒரு படம் எடுங்கள், அல்லது அடித்துப் போத்தலில் போட்டுக்கொண்டு போங்கள். காணவில்லை என்றால் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கொட்டியது எதுவென்றே தெரியாவிட்டால் பாம்புக்கடி என்று எண்ணியே ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இரவில் நிலத்தில் படுக்கிறவரைத் தீண்டும் எட்டடி விரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ தெரியாமலே போகலாம்.

ஆஸ்பத்திரியில் ‘ஒருநாள் நில்லுங்கோ’ என்றால் நில்லுங்கள். ‘இப்ப சுகம்தானே’ என்று துண்டு வெட்டிக்கொண்டு வராதீர்கள். இந்த நஞ்சு பிந்தியும் வேலை காட்டும்.

செய்யவே கூடாதவை

கத்தியால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. கட்டினால் நஞ்சு நிற்காது, விரல்தான் அழுகும். சாராயம் கொடுக்கக் கூடாது. மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, பற்றறித் தண்ணீர் என்று எதையும் பூசக் கூடாது. ‘விடியப் பாப்பம்’ என்ற சொல்லை எடுக்கவே கூடாது.

விஷகடி வைத்தியரிடம் பார்வை பார்ப்பதும் தண்ணீர் ஓதுவதும் ஊரின் வழக்கம். நம்பிக்கை உள்ளவர் அதைச் செய்யட்டும். ஆனால் ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த பிறகு செய்யட்டும். பார்வை பார்க்கப் போன வீட்டுத் திண்ணையில் காத்திருக்கிற அந்த ஒரு மணித்தியாலம்தான் பிள்ளையின் இதயத்துக்கு வேண்டிய மணித்தியாலம். பார்வை பார்க்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: வியர்த்து வாந்தி எடுக்கிற ஆள் வந்தால், படலையிலேயே திருப்பி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அதைவிடப் பெரிய வைத்தியம் வேறில்லை.

எங்கே பதுங்கும்?

தேளுக்கு வேண்டியது இருட்டும் இடுக்கும். யாழ்ப்பாணத்து வளவில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. வேலிக்கு அடைத்து மிஞ்சிய கிடுகுக் கட்டு, பழுத்து விழுந்த காவோலைக் குவியல், பனைமட்டை, ஊமல், பொச்சுமட்டை, வீடு கட்ட இறக்கிய கல்லும் ஓடும். உடைந்த வீடுகளின் இடிபாடு இன்னும் அகற்றப்படாமல் கிடக்கிற காணிகளும் உண்டு. ஆண்டுக்கணக்கில் மனிதர் கால் படாமல் இருந்து கைக்கு வந்த காணிகளைத் துப்புரவு செய்யப் போகிறவர்கள் முழுச் சப்பாத்தும் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள். கல்லைப் புரட்டும்போது உங்கள் பக்கமாக இழுத்துப் புரட்டினால் கல் கேடயமாக நிற்கும். உள்ளே இருப்பது மற்றப் பக்கத்தால் ஓடும்.

வெக்கைக் காலத்தில் திண்ணையிலும் விறாந்தையிலும் பாய் விரித்துப் படுக்கிறோம். மாரி தொடங்கினால் தண்ணீர் நின்ற பொந்துகளை விட்டு அவை வீட்டுக்குள் ஏறுகின்றன. ஆகவே இந்த ஆபத்துக்கு விடுமுறை மாதம் கிடையாது.

செலவில்லாத காவல் சில உண்டு. விறகை வீட்டுச் சுவரோடு சேர்த்து அடுக்காதீர்கள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். நுளம்பு வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். பாயைச் சுருட்டி வைத்தால், விரிக்க முன்னர் உதறுங்கள். உடுப்பை உதறி உடுங்கள். பள்ளிக்கூடச் சப்பாத்தைக் காலையில் தலைகீழாகத் தட்டிக் கொடுங்கள். கதவு நிலைக்கு அடியில் உள்ள இடைவெளியை அடையுங்கள். கரப்பானை ஒழியுங்கள்; இரை இருக்கிற வீட்டுக்கு வேட்டைக்காரன் வருவான். அந்தக் கரப்பானைத் தின்கிற சுவர்ச் சிலந்தியை விட்டுவையுங்கள் என்று முன்னரே சொன்னது இதற்காகவும்தான். வளவில் நாலு கோழி திரிந்தால் தேளைக் கொத்தித் தின்னும்.

ஒரு நல்ல உபாயம்: கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா வெளிச்சச் சிறு ரோச் ஒன்று வாங்குங்கள். அந்த ஊதா வெளிச்சம் பட்டால் தேளின் உடம்பு நீலப்பச்சையாய் ஒளிரும். படுக்க முன்னர் விறாந்தை, குளியலறை, கட்டிலுக்குக் கீழ் என்று ஒரு சுற்று அடித்துப் பாருங்கள். சாதாரண வெளிச்சத்தில் செம்மண்ணோடு மண்ணாகக் கிடப்பது அந்த வெளிச்சத்தில் ஒளிக்க முடியாது. ஒன்றைக் கண்டால் கையால் தொடாதீர்கள். நீண்ட குறடால் பிடித்து அப்புறப்படுத்துங்கள். பெண் தேள் முட்டையிடுவதில்லை, குட்டி போடும். குட்டிகளை முதுகில் சுமந்து திரியும். முதுகில் வெள்ளையாய் மொய்த்திருந்தால் அடித்துச் சிதறவிடாதீர்கள். அகன்ற பாத்திரத்தால் மூடி, அடியில் ஒரு மட்டையைச் செருகி அள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு இன்றைக்கே சொல்லுங்கள்

கடைசியாக ஒன்று. இதை வாசித்தவர் வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால், மிக அவசரமான பகுதி இதுதான்.

செருப்பில்லாமல் பின்வளவுக்குப் போகாதே என்று சொல்லியிருப்பீர்கள். பிள்ளை போயிருக்கும். கொட்டியிருக்கும். ஏச்சு விழும் என்ற பயத்தில் தேள் கொட்டின கள்ளன் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் இருக்கும். அம்மா காணுகிற நேரம் அது வியர்த்துக் கிடக்கும். பெரியவர்களும் குறைந்தவர்கள் அல்ல: மாலையில் பங்குக் கிணற்றடியில் கொட்டுப்பட்டவர், நாலு பேர் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் வந்து படுத்துவிடுவார்.

ஆகவே பிள்ளையைக் கூப்பிட்டு இருத்தி இப்படிச் சொல்லுங்கள்: ‘எது கடிச்சாலும், எது கொட்டினாலும், அந்த நிமிசமே வந்து சொல்லு. சொன்னா ஏசமாட்டன்.’ சொல்லிவிட்டு, சொன்னபடி நில்லுங்கள். உண்மையில் பிள்ளை வந்து நிற்கும் நாளில் ‘ஏன் அங்க போனனீ’ என்று தொடங்காதீர்கள். அந்த விசாரணையை வாட்டில் வைத்துக்கொள்ளலாம். 1990 ஐ அழைப்பதுதான் முதல் வேலை.